கிளார்க் கீ

கிளார்க் கீ என்பது சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அமைந்துள்ள பழைய படகுத்துறை ஆகும். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த ஆண்ட்ரூ கிளார்க்கின் பெயரால் இது அழைக்கப்படுகின்றது. இதன் பண்டகசாலைகள் இன்று உணவகங்களாகவும் மதுக்கூடங்களாகவும் நடன விடுதிகளாகவும் இயங்குகின்றன.

வரலாறு

இங்கு இரவுப் பொழுதுபோக்கு புதிதன்று. 1889 இல் கட்டப்பட்ட ரீட் பாலத்தருகே, வேலை முடிந்த படகோட்டிகளும் கூலிகளும் கூடித் தியோச்சியூ மொழிக் கதைசொல்லிகளின் கதைகளைக் கேட்பது வழக்கம். கழிவுகளால் நாறிய ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி 1977 இல் தொடங்கியது. 1983 இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. ஆறு தெளிந்தது, படகோட்டிகளின் தொழிலோ இங்கு முடிவுற்றது. இப்பொழுது ஓடுபவை சுற்றுலாப் படகுகளே.

பண்டகசாலைகள் புதுப்பிக்கப்பட்டு 1993 இல் திறக்கப்பட்டன. பிற்காலத்தில் அதே ரீட் பாலத்தில் இளைஞர்கள் மது அருந்தியபடி அமர்ந்திருப்பர். 2015 ஆம் ஆண்டுச் சட்டம் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துவதைத் தடை செய்தது.