‘போராளி’ என்ற சொல்லின் விலை: திமோர் லெஸ்தேயின் ஓய்வூதிய வரலாறு

1865இல் முடிவுற்ற அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான கடைசி ஓய்வூதியம் 2020இல்தான் நின்றது. தந்தையின் படைச்சேவைக்காக மகள் ஒருவர் பெற்றுவந்த மாதத்தொகை அது. களத்தில் ஓய்ந்த போர் அரசின் கணக்கேட்டில் மேலும் 155 ஆண்டுகள் நீடித்தது. பல துறைகளில் வரி வருவாய் உள்ள பெரிய நாட்டுக்கு இது விந்தைச் செய்தி மட்டுமே. கடலடி எண்ணெயையும் எரிவாயுவையும் நம்பி வாழும் சிறு நாடு ஒன்று இத்தகைய வாக்குறுதியை அளித்தால் என்ன நேரும்? திமோர் லெஸ்தேயின் வரலாறு இக்கேள்வியை நேரடியாக எதிர்கொள்கிறது.

1975 டிசம்பரில் இந்தோனேசியப் படை அந்நாட்டுக்குள் நுழைந்தது. தொடர்ந்த 24 ஆண்டுகளில் எதிர்ப்பு மூன்று முனைகளில் நடந்தது: மலைக்காடுகளில் ஃபலிந்தில் ஆயுதப்படை, ஊர்களில் தலைமறைவு வலையமைப்பு, வெளிநாடுகளில் தூதுமுனை. 1999 வாக்கெடுப்புக்குப் பின், 2002 மே 20 அன்று நாடு விடுதலை பெற்றது. அன்றே நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு, போராட்டத்தில் பங்கேற்றோரையும் உயிர்நீத்தோரின் குடும்பங்களையும் பேணுவதை அரசின் கடமையாக்கியது. ஆகவே போராளிகளுக்கான உதவி அங்கே சலுகையன்று. அரசு தன் பிறப்பிலேயே ஏற்றுக்கொண்ட கடன்.

அக்கடனைத் தீர்க்கும் வழி பின்னரே வந்தது. 2005இல் நோர்வேயை முன்மாதிரியாகக் கொண்டு பெட்ரோலிய நிதியம் நிறுவப்பட்டது. 2006 ஏப்ரலில் விடுதலைப் போராளிகளுக்கான சட்டம் வெளியானது. அதே மாத இறுதியில், படையிலிருந்து நீக்கப்பட்ட வீரர்களின் போராட்டம் தலைநகர் டிலியில் வன்முறையாக வெடித்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். மனக்குறையுள்ள முன்னாள் போராளிகளைக் கவனியாது விட்டால் அரசே நிலைகுலையும் என்ற அச்சம் ஆட்சியாளர் மனத்தில் வேரூன்றியது. 2008இல் ஓய்வூதியம் வழங்கப்படலானது. நன்றியும் அமைதிக்கான விலையும் ஒரே தொகையில் கலந்தன.

இங்கே ‘போராளி’ யார் என்ற வரையறை முதன்மை பெறுகிறது. 2009இல் பதிவு மீண்டும் திறக்கப்பட்ட பின், விண்ணப்பித்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு இலட்சத்தை எட்டியது. நாட்டின் மக்கள்தொகையோ அப்போது சுமார் 10.7 இலட்சம். ஆயுதப்படையின் பட்டியலில் இருந்தவர்களை அடையாளம் காண்பது ஓரளவு எளிது. ஆனால் எழுத்துச் சான்று எதையும் விடாமலிருப்பதே தலைமறைவுப் பணியின் இலக்கணம். தன்னை முழுமையாகப் போராட்டத்துக்கு ஒப்படைத்த ஆண்டுகளைச் சட்டம் எண்ணியது. வயலையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டே காட்டுக்கு உணவனுப்பிய பெண், அந்த எண்ணிக்கைக்குள் எளிதில் அடங்கவில்லை.

உண்மை ஆணையத்தின் கணக்குப்படி, ஆக்கிரமிப்புக் காலத்தில் மோதல் காரணமாக நேர்ந்த இறப்புகள் குறைந்தது 1,02,800. அவற்றுள் நேரடிக் கொலைகள் சுமார் 18,600. ஏனைய 84,200 பேர் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள். துயரம் மக்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்தது. ஈட்டுத்தொகை மட்டும் ஒரு வகையினருக்கு உரியதாயிற்று. போராளிகளுக்கான மாத ஓய்வூதியம் 230 முதல் 750 டாலர் வரை அமைந்தபோது, முதியோருக்கான உதவி மாதம் 30 டாலராக இருந்தது. அம்முதியோரும் அதே பஞ்சத்தைக் கடந்து வந்தவர்களே.

இவ்வளவு பெரிய இடைவெளி நீண்டகாலம் பொது விவாதத்தின் மையத்துக்கு வராததற்கு நிதியின் தன்மையும் காரணம். வரிப்பணத்தில் ஓய்வூதியம் வழங்கும் நாட்டில், யார் செலவை யார் சுமப்பது என்று வரிசெலுத்துவோர் கேட்பர். எண்ணெய்ப் பணத்தை யாரும் தம் கையிலிருந்து கொடுப்பதில்லை. அதைச் சுமக்கப்போகும் தலைமுறைக்கு இன்னும் வாக்குரிமையே இல்லை. எண்ணெய்ச் செல்வத்தில் ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மிகாமல் எடுப்பதே நெடுங்காலம் தாங்கும் என்று நிதியச் சட்டம் வகுத்த அளவை, 2009 முதல் பல வரவுசெலவுத் திட்டங்கள் மீறின. 2022இல் போராளிகளுக்கென்றே 100 கோடி டாலரில் தனி நிதியம் அமைக்கும் முயற்சியும் நடந்தது, அது நிலைக்கவில்லை.

நிதியத்தின் இருப்பு 2021 இறுதியில் 1,900 கோடி டாலரைத் தாண்டியது உண்மை. ஆனால் அதை நிரப்பிவந்த பாயு-உந்தான் வயலின் உற்பத்தி 2025இல் முடிந்தது. கிரேட்டர் சன்ரைஸ் வயல் இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறது. வருவாய் தரும் வயலுக்கு ஆயுள் உண்டு. ஓய்வூதியமோ போராளி மறைந்த பின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் செல்லக்கூடியது. குறுகிய ஆயுளுள்ள வருவாயின் மீது நீண்ட ஆயுளுள்ள கடமை ஏற்றப்பட்டிருக்கிறது.

போராளிகளின் தியாகத்தைக் குறைத்து மதிப்பிட இவ்வரலாறு இடந்தரவில்லை. அவர்களின்றி அந்த நிதியமே இருந்திராது. எனினும் இன்றும் அந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றியவர்கள். எந்தத் தலைமுறைக்காகப் போராட்டம் நடந்ததோ, அந்தத் தலைமுறையின் பங்கும் அதே நிதியத்தில்தான் இருக்கிறது. சட்டத்தின் முதற்பக்கத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் வரையறுப்பவர்கள், பிறவாத குழந்தைகளின் வரவுசெலவுத் திட்டத்தையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.