அளவெடுத்த நாற்காலி

ஆஸ்பத்திரி வராந்தாவில் மடித்துச் சாய்த்து வைத்திருக்கும் சக்கர நாற்காலிகளைக் கவனித்தால், முதலில் கண்ணில் படுவது முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கைப்பிடிகள். யாரோ ஒருவர் பின்னால் நின்று தள்ளுவார் என்று எண்ணிச் செய்த பொருள் அது. வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கும், அங்கிருந்து வாசலில் நிற்கும் வண்டிக்கும் போக அது போதும். ஆனால் மரத்திலிருந்து விழுந்தோ, சாலை விபத்திலோ தண்டுவடம் அடிபட்டவர் வீட்டுக்குத் திரும்பும்போதும் பெரும்பாலும் அதே நாற்காலிதான் கூடப் போகிறது. கால் மணி நேரம் உட்காரச் செய்த இருக்கையில் அவர் ஆண்டுக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது.

இருக்கை இரண்டு அங்குலம் அகலம் கூடிப்போனால் என்ன ஆகும்? இடுப்பு ஒரு பக்கம் சரியும், முதுகெலும்பு அதன் போக்கில் வளையும். சக்கரத்தின் கைவளையத்தை எட்டிப் பிடிக்கத் தோளை அகட்டிக் கையை வெளியே நீட்ட வேண்டும். ஒவ்வொரு தள்ளலும் தோள்மூட்டில் போய் இறங்கும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு எந்த இடத்தில் அழுத்துகிறது என்பது தெரியாது. தோல் கன்றி, புண்ணாகி, சீழ் வைத்த பிறகு வேறு யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. பின்சக்கரத்தின் அச்சு இருக்கும் இடம்கூடப் பெரிய விஷயம். அதைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினால் உடலின் பாரம் பெரிய சக்கரத்தின் மேல் ஏறி, முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் லேசாகும். திரும்புவது சுலபம், வாசற்படி மேட்டைத் தாண்டுவதும் சுலபம். அளவுக்கு மீறி நகர்த்தினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். ஆளின் எடை, கை நீளம், தொடை நீளம், முதுகின் பலம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் அந்த இடத்தை முடிவு செய்ய முடியும்.

மேல்சட்டைக்குக்கூட அளவெடுக்கும் ஊரில், ஆயுள் முழுக்க உட்காரப் போகும் நாற்காலிக்கு அளவெடுக்காமல் இருந்தோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நடமாட்டத்தில்தான் சிரமம்.

இந்தக் கதையின் நாற்காலியான நியோஃப்ளை, ஆளுக்கு அளவெடுத்துச் செய்வது. அது பிறந்தது சென்னை ஐஐடியின் இயந்திரவியல் துறையில். அங்கே பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் நடத்தும் ஆய்வகத்துக்கு டிடிகே மறுவாழ்வு ஆய்வு, கருவி உருவாக்க மையம் என்று பெயர். சுருக்கமாக ஆர்2டி2 என்பார்கள். நடக்க முடியாதவர்களுக்கான கருவிகளை உருவாக்குவதுதான் அதன் முழுநேர வேலை. செயற்கை முட்டி, நிற்க வைக்கும் நாற்காலி, ஓடும் நாற்காலி என்று பலதும் அங்கே வடிவெடுத்திருக்கின்றன. மாணவர்கள் இந்த ஆய்வகத்துக்குள் வருவது பட்டப்படிப்புச் செயல்திட்டத்துக்காக. வரைபடத்தில் சரியாக இருந்த ஒன்று, பயன்படுத்துபவர் வந்து உட்கார்ந்ததும் தப்பாகிப் போவதைக் கண்ணால் பார்க்கிறார்கள். பாடப்புத்தகம் தராத படிப்பு அது.

நம் நாற்காலிக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் அரைஸ். சக்கர நாற்காலியில் இருப்பவர் யாருடைய துணையும் இல்லாமல், கைநெம்புகோலை இயக்கித் தானே எழுந்து நிற்கலாம், தானே உட்காரலாம். நிற்பதில் என்ன பெரிய காரியம் என்று நடப்பவர்களுக்குத் தோன்றலாம். நாள் முழுதும் உட்கார்ந்தே இருக்கும் உடம்பில் எலும்பு பலமிழக்கும், ரத்த ஓட்டம் மந்தமாகும், மலமும் சிறுநீரும் ஒழுங்காகக் கழியாது. நாளில் கொஞ்ச நேரம் நிற்பது இவற்றைக் குறைக்க உதவலாம். அது போக, எதிரே நிற்பவரின் கண்ணை நேராகப் பார்த்துப் பேசுவதும், அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் டப்பாவைத் தானே எடுப்பதும் இருக்கின்றன. இதற்கு மருத்துவப் பலன் என்று எந்த மருத்துவரும் எழுதித் தர மாட்டார். ஆனால் நாற்காலியில் இருப்பவர்களைக் கேட்டுப் பார்த்தால் முதலில் இதைத்தான் சொல்வார்கள் என்று நான் நினைக்கிறேன்.

பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் பண உதவி செய்தது. சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் என்ற மருத்துவக் கருவி நிறுவனம் உற்பத்தியை ஏற்றுக்கொண்டது. 2019 நவம்பரில், சுமார் 15,000 ரூபாய் விலையில் அரைஸ் வெளியானது. பல்கலைக்கழகத்தில் உருவான ஒன்று சந்தைக்குப் போகும் பழக்கப்பட்ட வழி இதுதான்: ஆய்வகம் வடிவமைக்கும், ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருக்கும் நிறுவனம் வாங்கித் தயாரிக்கும். அதே ஆய்வகத்தின் 'கதம்' என்ற செயற்கை முட்டி வேறொரு வழியில் போனது. பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா என்ற தொண்டு நிறுவனத்தின் கைக்குப் போய் 2022இல் வெளிவந்தது. செயற்கைக்கால் பொருத்துவதிலேயே பல காலமாக ஈடுபட்டிருக்கும் நிறுவனம் என்பதால் முட்டிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

தம்பியான நியோஃப்ளைக்கு மட்டும் இந்த இரண்டு வழியும் ஒத்துவரவில்லை. என் கணிப்பில் காரணம் அளவுதான். இருக்கை அகலம் முதல் அச்சின் இடம் வரை 18 விதங்களில் ஆளுக்கேற்ப மாற்றியமைக்கும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றை ஆயிரக்கணக்கில் அச்சுப்போல் வார்த்துக் கிடங்கில் அடுக்க முடியாது. வாங்குபவரோடு பேச வேண்டும், அளவு கேட்க வேண்டும், எங்கே குத்துகிறது என்று திரும்பவும் விசாரிக்க வேண்டும், அடுத்த நாற்காலியில் அதைத் திருத்த வேண்டும். வரைபடத்தை உறையிலிட்டு ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டு மறந்துவிட முடியாத பொருள். அதை உருவாக்கியவரே அதன் கூடப் போயாக வேண்டும்.

நம் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலும் அது நடப்பதில்லை. நான்காம் ஆண்டு மாணவர்கள் இரவு பகலாக ஒரு கருவி செய்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் அது ஓடுகிறது, மதிப்பெண் கிடைக்கிறது. மே மாதம் விடுதியைக் காலி செய்கிறார்கள். கருவி ஆய்வகத்தின் மூலையில் நிற்கிறது. அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அதிலிருந்து மோட்டாரையோ பேட்டரியையோ கழற்றிக்கொள்கிறார்கள். எந்த ஸ்க்ரூவை ஏன் அங்கே வைத்தோம், எந்த வளைவு ஏன் உடைந்தது என்ற அறிவு ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஆட்சேர்ப்புக் கடிதத்தோடு ஊரை விட்டுப் போய்விடுகிறது. மாணவர் தொழில்முனைவு என்று நாம் சொல்வதன் பெரிய பயன், என்னைப் பொறுத்தவரை, பணக்காரர்களை உருவாக்குவதில் இல்லை. அறிந்தவரை அறிந்த பொருளோடு சேர்த்து நிறுத்தி வைப்பதில் இருக்கிறது.

நியோஃப்ளைக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். ஐஐடியில் படித்த ஸ்வஸ்திக் சௌரவ் தாஷ், பேராசிரியர் சுஜாதாவுடன் சேர்ந்து நியோமோஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். புதிய நிறுவனங்களுக்குக் கைகொடுக்கும் ஐஐடி வளர்ப்பகம் அதைத் தன் கூரைக்குள் எடுத்துக்கொண்டது.

வளர்ப்பகம் என்றால் மேசை நாற்காலி போட்ட வாடகை இடம் என்று பலர் நினைக்கிறார்கள். இடமும் உண்டுதான். தரமணிப் பக்கத்தில், பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் முயற்சியில் எழுந்த ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் பெரிய நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களும் நேற்று தொடங்கிய நிறுவனங்களும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஆனால் கருவி செய்பவருக்கு இடத்தைவிடப் பெரிய உதவிகள் வேறு. சோதனைக்கூடத்து இயந்திரங்களை நம்பிக்கையோடு திறந்துவிடுவது, காப்புரிமை யார் பெயரில் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதித் தீர்ப்பது, முதல் மானியத்துக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுத்தருவது, விற்க ஒன்றும் இல்லாத ஆண்டுகளில் விரட்டாமல் இருப்பது. இதற்கு ஈடாக வளர்ப்பகங்கள் நிறுவனத்தில் ஒரு சிறு பங்கை வைத்துக்கொள்கின்றன. 2019இல் மத்திய அரசு கல்வி நிலையங்களுக்காக வெளியிட்ட புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை அந்தப் பங்கை 2 முதல் 9.5 சதவீதம் என்று வரையறுத்தது. ஆசிரியர் பங்குதாரராகலாம், தொழில் தொடங்கும் மாணவர் ஒரு பருவமோ ஓர் ஆண்டோ படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி வரலாம், வருகைப்பதிவு குறைந்தாலும் தேர்வு எழுதலாம் என்றும் அது சொல்கிறது. பேராசிரியர் கம்பெனி நடத்துவதா என்று முகம் சுளிக்கும் வழக்கம் இருந்த நாட்டில் இது சின்ன மாற்றம் கிடையாது. எத்தனை கல்லூரிகளில் முதல்வர்கள் அந்தக் கொள்கையை எடுத்துப் படித்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

2021 ஆகஸ்டில் நியோஃப்ளை வெளிவந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: நியோபோல்ட். கைப்பிடியும் மோட்டாரும் பேட்டரியும் கொண்ட ஒற்றைச் சக்கர இணைப்பு. உட்கார்ந்தபடியே அதை நாற்காலியின் முன்னால் பொருத்தினால் முன்சக்கரங்கள் தரையை விட்டு மேலே எழும்பும், நாற்காலி மூன்று சக்கர வண்டியாகிவிடும். வெளியானபோது மணிக்கு அதிகபட்சம் 25 கிலோமீட்டர் வேகம், ஒரு தடவை சார்ஜ் செய்தால் 25 கிலோமீட்டர் தூரம் வரை.

இதன் அருமை தெரிய, பக்கச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரில் போகும் ஒருவரின் நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து ஸ்கூட்டருக்கு உடலை மாற்ற வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் நாற்காலி இருக்காது. வண்டியிலேயே உட்கார்ந்து யாரையாவது கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கையூன்றித் தரையில் நகர வேண்டும். நியோபோல்ட்டில் வந்தவர் வாசலில் இணைப்பைக் கழற்றிவிட்டு அதே நாற்காலியில் உள்ளே போகிறார். வீட்டுக்குள்ளும் தெருவிலும் அலுவலகத்திலும் ஒரே இருக்கை, அதுவும் அவருடைய உடம்புக்கு அளவெடுத்தது. சொமேட்டோவின் உணவுப் பைகளை இந்த வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்துச் சம்பாதிக்கும் மாற்றுத்திறனாளிகளைச் சாலையில் பார்த்தவர்கள் உண்டு. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் எதுவும் அந்த நாற்காலியை வடிவமைத்தவர்கள் மனதில் முதலில் இருந்திருக்க வாய்ப்பில்லை. வெளியே போக முடிந்ததும் வேலை தானாக வந்து சேர்ந்தது.

குடும்பம் அதற்குப் பிறகும் பெருகியது. 2024இல் அதே ஆய்வகமும் நியோமோஷனும் சேர்ந்து நியோஸ்டாண்டைக் கொண்டுவந்தன. அரைஸில் கைநெம்புகோல் செய்ததை இங்கே ஒரு பொத்தான் செய்கிறது. 2025இல் ஒய்டி ஒன் என்ற சக்கர நாற்காலி வந்தது. எடை ஒன்பது கிலோதான். ஒரு கையால் தூக்கி ஆட்டோவிலோ காரிலோ வைத்துவிடலாம். அதைத் தயாரிப்பது திரைவ் மொபிலிட்டி என்ற இன்னொரு ஸ்டார்ட்அப். சக்கரம், அச்சு, உடம்பின் அளவு பற்றி ஓரிடத்தில் சேர்ந்த அறிவு, முதல் நிறுவனத்தோடு நின்றுவிடாமல் அடுத்ததற்கும் போயிருக்கிறது.

2024–25 நிதியாண்டில் சென்னை ஐஐடி வளர்ப்பகம் 104 ஸ்டார்ட்அப்களைச் சேர்த்துக்கொண்டது. மகிழ்ச்சியான எண்தான். இதைப் பார்த்துப் பிற பல்கலைக்கழகங்களும் இத்தனை நிறுவனம், இத்தனை காப்புரிமை என்று இலக்கு வைக்கத் தொடங்கியிருக்கின்றன. அது எனக்குக் கவலை தருகிறது. ஒரே துறையில் விடாமல் உழைத்த ஓர் ஆய்வகமும், ஆண்டுதோறும் அதற்குள் வந்துபோன மாணவர்களும், நாற்காலியில் உட்கார்ந்து குறை சொன்ன பயனாளிகளும் இல்லாமல் நியோஃப்ளை வந்திருக்காது. தரவரிசைப் படிவத்தை நிரப்புவதற்காக மார்ச் மாதத்துக்குள் பதிவு செய்யப்படும் நிறுவனங்களுக்குப் பின்னால் அப்படி எதுவும் இருப்பதில்லை. வளர்ப்பகத்துக்கு ரிப்பன் வெட்டுவதற்கு முன், வளர்க்கத்தக்க ஆய்வகம் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி நாற்காலி போக வேண்டிய தூரம் பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை. வெளியானபோது நியோஃப்ளையின் விலை 39,900 ரூபாய், நியோபோல்ட்டின் விலை 55,000 ரூபாய். வெளிநாட்டில் இத்தகையவை விற்கும் விலையோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் முறிந்தவரின் வீட்டில் அந்தப் பணம் இருக்காது. இந்தியாவில் சக்கர நாற்காலி பெரும்பாலும் இலவசமாகக் கைக்கு வருகிறது. அரசு முகாமிலோ, சங்கங்களின் விழா மேடையிலோ, ஒரே அளவில், மொத்தமாகக் கொள்முதல் செய்யப்பட்டு வருகிறது. டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்பது விதி. அந்த விதிக்குள் ஆளுக்கு அளவெடுக்கும் நிறுவனம் ஒருநாளும் ஜெயிக்காது. வாங்கப் போகும் நாற்காலிகளில் ஒரு பகுதியையாவது பெறுபவரின் இடுப்பகலம், தொடை நீளம், எடை ஆகியவற்றைக் குறித்த பிறகே வாங்குவது என்று மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறை முடிவெடுக்கலாம். அளவெடுப்பது இயன்முறை மருத்துவருக்குச் சில நிமிட வேலை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் அவர்கள் இருக்கிறார்கள், டேப்பும் இருக்கிறது. படிவத்தில் மூன்று கட்டம் கூடுதலாக அச்சடித்தால் போதும்.