மூன்று திங்கள்: ஐரோப்பாவில் அயலார் தங்கற்கால வரையறையின் வரலாறு

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் நாட்டுப் பழமொழி. வந்தவர் எத்துணை இனியராயினும் நான்காம் நாள் அவர்தம் நிலை மாறிவிடும் என்பது அதன் குறிப்பு. அவர் விருந்தினர் என்னும் நிலையினின்று நீங்குகின்றார். ஆயினும் வீட்டாராக ஆகிவிடுவதும் இல்லை. இவ்விடைநிலையை வீடு ஓரளவு பொறுத்துக்கொள்ளும், அரசு பொறுப்பதில்லை. எல்லைக்குள் வரும் அயலார் எந்நாள்வரை வருகையாளர், எந்நாள்முதல் குடியிருப்போர் என்று பிரித்துக்காட்டச் சட்டத்திற்கு ஓர் எண் வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பல அதற்குக் கொண்ட எண் மூன்று திங்கள்.

நுழைவிசைவாகிய விசா இன்றியே ஐரோப்பாவிற்குச் சென்று நெடுநாள் தங்கும் சுற்றுலாவினர்க்கு இவ்வெல்லை எவ்வாறு அமைந்தது, அதனைக் கணக்கிடும் முறை எவ்வெவ்வாறு மாறிற்று என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எண் ஏறக்குறைய அவ்வாறே நின்றது. மாறியது எண்ணும் முறையே. அம்முறை மாறுந்தோறும் பயணியின் வாழ்வும் மாறிற்று என்பதே நாம் ஈண்டு நிறுவக் கருதுவது.

1. எல்லையும் சீட்டும்

முதல் உலகப் போருக்கு முன்னர், மேலை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மக்கள் கடவுச்சீட்டு இன்றியே எல்லை கடந்தனர். உருசியப் பேரரசும் துருக்கியப் பேரரசும் இதற்குப் புறனடைகளாக எடுத்துக்காட்டப்பெறும். 1914இல் போர் மூண்டதும், ஒற்றரை அஞ்சியும் படைக்குரிய ஆடவர் நாடு நீங்குவதைத் தடுக்கக் கருதியும் அரசுகள் சீட்டைக் கட்டாயமாக்கின. போர் முடிந்தது, சீட்டு முடியவில்லை. நாடுகளின் சங்கத்தின் சார்பில் 1920 அக்டோபரில் பாரிசில் கூடிய மாநாடு கடவுச்சீட்டின் வடிவை ஒருசீராக்க முற்பட்டது. பழைய தடையற்ற நிலை ஒருநாள் மீளும் என்னும் எதிர்பார்ப்பு அதன்கண் இருந்தது. 1926இல் செனீவாவில் இரண்டாம் மாநாடு கூடியபொழுதும் அந்நாள் வந்திலது. தற்காலிகமாக வந்த கட்டுப்பாடு நிலைபேறு பெற்றமைக்கு இஃது ஒரு சான்றாகும்.

2. மூன்று திங்களின் தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த ஐரோப்பிய மன்றம், உறுப்பு நாடுகளுக்கிடையே மக்கள் போக்குவரவை எளிதாக்கும் உடன்படிக்கை ஒன்றை 1957 டிசம்பர் 13ஆம் நாள் பாரிசில் உருவாக்கிற்று. அதில் சேர்ந்த நாடுகளின் குடிமக்கள் குறித்த ஆவணங்களுள் ஒன்றைக் காட்டி எவ்வெல்லை வழியாகவும் புகலாம். ஆனால் இவ்வசதி மூன்று திங்களுக்கு மேற்படாத வருகைக்கே உரியது. அதற்கு மேற்பட்டுத் தங்குவார்க்கும், பொருளீட்டும் தொழில் கருதிப் புகுவார்க்கும் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும் என்று விதிக்க அரசுகளுக்கு உரிமை உண்டு. ஏதிலியர்க்கு விசாவை நீக்கிய 1959ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இவ்வெல்லையையே கொண்டது.

நெடுந்தங்கலும் பொருளீட்டலும் 1957 உடன்படிக்கையில் ஒருங்கு வைக்கப்பெற்றமை நோக்கத்தக்கது. மூன்று திங்கள் கடந்தவர் அந்நாட்டில் வேர் ஊன்றுகின்றார், தொழில் தேடுகின்றார் என்னும் ஐயம் அவ்வமைப்பில் பொதிந்திருப்பதாக நாம் கருதுகின்றோம். பிற்காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் தன் குடிமக்களின் நடமாட்ட உரிமையை வகுத்த 2004ஆம் ஆண்டு நெறிமுறையிலும் முதல் மூன்று திங்கள் வேறாகவும், அதன் பின்னைய வாழ்வு வேறாகவும் பிரிக்கப்பட்டன. எனவே இவ்வெண் அயலாரை ஒதுக்குதற்கு மட்டும் அமைந்ததன்று. வருகைக்கும் வாழ்வுக்கும் இடையே ஐரோப்பியச் சட்டம் இட்ட பொதுக்கோடு என்பது பெறப்படும்.

3. சுவர் அகன்றது; கணக்கு ஒன்றாயிற்று

தொடக்கத்தில் இம்மூன்று திங்களை ஒவ்வொரு நாடும் தனித்தனியே எண்ணிற்று. அமெரிக்கர் ஒருவர் பிரான்சில் மூன்று திங்களும் அடுத்து இசுபெயினில் மூன்று திங்களும் தங்குதல் கூடும். எல்லை கடக்குந்தோறும் கணக்குப் புதிதாகத் தொடங்கும்.

1985 சூன் 14ஆம் நாள் லக்சம்பர்க்கு நாட்டுச் சிற்றூராகிய ஷெங்கனில், மோசல் ஆற்றில் நின்ற கப்பல் ஒன்றில், ஐந்து நாடுகள் உள்ளெல்லைச் சோதனைகளை நீக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அவை பெல்சியம், பிரான்சு, மேற்கு செருமனி, லக்சம்பர்க்கு, நெதர்லாந்து என்பன. 1990 சூன் 19ஆம் நாளைய ஒப்பந்தம் அதற்குச் செயல்வடிவு வகுத்தது. 1995 மார்ச்சு 26 முதல், இசுபெயினும் போர்ச்சுகலும் உட்பட ஏழு நாடுகளிடையே எல்லைச் சோதனை நீங்கிற்று. 2025 தொடக்கத்தில் பல்கேரியா, உருமேனியா ஆகியவற்றின் நிலவெல்லைகளிலும் அது நீங்கியபொழுது ஷெங்கன் நாடுகள் 29 ஆகியிருந்தன.

எல்லை நீங்கினமை பயணிக்கு ஆக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயின் 1990 ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவு, விசா விலக்குப் பெற்ற அயலார் முதல் நுழைவு நாளிலிருந்து ஆறு திங்களுள் மூன்று திங்களே அந்நாடுகளனைத்திலும் ஒருங்கு நடமாடலாம் என்றது. பல நாடுகளின் பல கணக்குகள் ஒரே கணக்காயின. வேலிகள் அகன்று நிலம் விரிந்தது. அந்நிலத்தில் தங்கும் காலமோ சுருங்கிற்று. முன்னரே இருநாட்டு உடன்படிக்கை செய்துகொண்டோர்க்கு மட்டும் ஒரு விலக்கு எஞ்சிற்று. நியூசிலாந்து நாட்டவர் அத்தகைய பழைய உடன்படிக்கைகள் பலவற்றின் பயனைப் பெறுவோராவர்.

4. ‘முதல் நுழைவு’ என்னும் சொல்

சட்டத்தில் ஒரு சொல்லின் பொருள் ஒருவர் வாழ்வை மாற்றும் என்பதற்கு, ‘முதல் நுழைவு’ என்னும் தொடரே போதிய சான்று. பலமுறை வந்து செல்லும் ஒருவர்க்கு முதல் நுழைவு எது? உருமேனியா ஒன்றியத்தில் சேர்வதற்கு முன்னர், 2003இல், அந்நாட்டவர் ஒருவரைப் பிரான்சின் வால்-த-மார்ன் மாவட்ட ஆட்சியாளர் நாடு கடத்த ஆணையிட்டார். அவ்வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 2006 அக்டோபர் 3ஆம் நாள் அம்மன்றம் தீர்ப்பளித்தது. முதல் நுழைவு என்பது வாழ்நாளின் முதல் வருகையை மட்டும் குறிப்பதன்று. அதிலிருந்து ஆறு திங்கள் கழிந்தபின் நிகழும் அடுத்த முதல் வருகையையும் குறிக்கும் என்பது அதன் முடிபு.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒருவர் சனவரி முதல்நாள் புகுந்து மறுநாளே வெளியேறுகின்றார் என்க. ஏப்பிரல் தொடக்கத்தில் மீண்டும் வந்து சூன் இறுதிவரை, எஞ்சிய நாட்களைத் தங்கிக் கழிக்கின்றார். ஆறு திங்கள் முடிந்ததும் ஒருமுறை வெளியேறிச் சூலையில் மறுபடியும் புகுகின்றார். அது புதிய முதல் நுழைவு. புதிய மூன்று திங்களுக்கு வாயில். ஆகவே இடையே மிகச் சிறு பிரிவோடு ஏறக்குறைய ஆறு திங்கள் அவர் தங்கிவிடுகின்றார். நீதிமன்றமும் இதனை அறியாமல் இல்லை. விதியின் சொல் அதற்கு இடந்தரின், அதனைத் திருத்துதல் சட்டமியற்றுவோர் கடன் என்னும் நிலையை அது மேற்கொண்டது.

5. திங்களிலிருந்து நாளுக்கு

சட்டமியற்றுவோர் திருத்தினர். 2013 சூன் 26ஆம் நாளைய ஒழுங்குமுறை, அவ்வாண்டு அக்டோபர் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. ‘ஆறு திங்களுள் மூன்று திங்கள்’ என்பது, ‘எந்த 180 நாளிலும் 90 நாள்’ என்றாயிற்று. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் இரண்டுமே எண்ணப்படும்.

இம்மாற்றத்தில் இரண்டு கூறுகள் உள. திங்கள் நாளாயிற்று என்பது ஒன்று. சூலை, ஆகசுட்டு, செப்டம்பர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் 92 நாள். ஆதலின் கோடை முழுவதும் தங்குவார்க்கு இரண்டு நாள் குறைந்தது. இது சிறிது. கணக்கின் திசை மாறிற்று என்பதே பெரிது. முன்னர், நுழைந்த நாளிலிருந்து முன்னோக்கி எண்ணினர். இப்பொழுது, தங்கும் ஒவ்வொரு நாளிலும் நின்று 180 நாள் பின்னோக்கி எண்ணுகின்றனர். கணக்குப் புதிதாகத் தொடங்கும் நாள் என ஒன்று இல்லாதொழிந்தது.

நெட்டாண்டு அல்லாத ஓர் ஆண்டில், அதற்குமுன் நெடுநாள் வாராத ஒருவர் சனவரி 1 முதல் மார்ச்சு 31 வரை தங்கினால் 90 நாளும் தீர்ந்துவிடும். அவர் மீண்டும் புகத்தக்க முதல்நாள் சூன் 30. அன்றுமுதல் ஒவ்வொரு நாள் கூடுந்தோறும் பழைய நாள் ஒன்று கழியுமாகலின், செப்டம்பர் 27 வரை அவர் தங்கலாம். ஓராண்டில் அவர் பெறும் மொத்தம் ஏறத்தாழ முன்போன்றதே. இழந்தது தொகையை அன்று, தொடர்ச்சியை. நவம்பர் தொடங்கி மார்ச்சு முடியக் குளிர்காலம் 151 நாள். தென்னிசுபெயினின் இளவெயிலில் அதனை முழுதும் கழிக்க விரும்பும் முதியவர்க்கு, ஆண்டுக்கு 180 நாள் உரிமை இருந்தும் அவ்விருப்பம் கைகூடாது.

6. உள்ளிருந்தோர் புறத்தாராதல்

இக்கணக்கின் கடுமை பிரித்தானியர்க்கே மிக வெளிப்படையாயிற்று. ஒன்றியக் குடிமக்களாய் இருந்தவரை அவர்களுக்கு இது பொருந்தவில்லை. பிரிவின் இடைக்காலம் 2020 டிசம்பர் 31இல் முடிந்ததும், பிரான்சிலும் இசுபெயினிலும் இரண்டாம் வீடு வைத்திருந்தோர், தம் வீட்டிலேயே 90 நாள் சுற்றுலாவினர் ஆயினர். வரியும் பேணுகை செலவும் ஆண்டு முழுவதற்கும். வாழ்தலோ 180க்கு 90. பிரித்தானியாவோ ஒன்றியக் குடிமக்கள் வருகையாளராக வழக்கமாக ஆறு திங்கள் தங்க இடந்தருகின்றது. இச்சமனின்மை குறைகூறலுக்கு இடமாயிற்று. பிரெஞ்சு மேலவை, இத்தகைய பிரித்தானிய வீட்டுரிமையாளர்க்குத் தனிச்சலுகை தரும் பிரிவொன்றைக் குடியேற்றச் சட்டத்தில் சேர்த்தது. 2024 சனவரி 25ஆம் நாள் அந்நாட்டு அரசமைப்பு மன்றம் அதனை நீக்கிற்று. சலுகையின் தகுதியை ஆராய்ந்து மறுத்ததன்று அத்தீர்ப்பு. மூலச் சட்டவரைவோடு அப்பிரிவிற்குப் போதிய தொடர்பு இல்லை என்பதே காரணம்.

விலக்குப் பெறாத இந்தியர்க்கும் குறுங்கால விசாவின்மேல் இதே கணக்குப் பொருந்தும். செருமனியில் வாழும் மகளுக்குப் பேறுகாலத் துணையாகச் செல்லும் நம்மூர்த் தாய், பேரக்குழந்தை குப்புறக் கவிழ்வதைக் கண்டு திரும்பலாம். தவழ்வதைக் காண்பது அரிது.

7. எண்ணும் கை

நெடுங்காலம் இக்கணக்கு எல்லைக் காவலர் இடும் முத்திரையிலேயே நின்றது. முத்திரை மங்கலாம், தாள் மாறலாம், காவலர் கூட்டிப் பாராமலும் விடலாம். 2025 அக்டோபர் 12 முதல், முகப்படமும் விரற்பதிவும் கொண்டு நுழைவையும் வெளியேற்றத்தையும் பதியும் மின்னணு முறை தொடங்கிற்று. அதனை ஆறு திங்களில் படிப்படியாக நிறைவேற்றுமாறு விதிக்கப்பட்டது. விதி மாறவில்லை, அதனை மறக்கும் இயல்புடைய மனிதர் இடத்தில் மறவாப் பொறி அமர்ந்தது.

அரசுகளின் பக்கத்தில் நியாயம் இல்லை என்பது நம் கருத்தன்று. வருகை என்னும் பெயரால் குடியிருப்பை மறைப்பாரும், இசைவின்றித் தொழில் புரிவாரும் உளர். கணக்கின்றி அவரைக் காணல் இயலாது. நெடுநாள் தங்க விழைவோர்க்கு ஒவ்வொரு நாடும் தனித்தனியே வழங்கும் நெடுங்கால விசாவும் உண்டு. அவ்விசாவிற்குரிய நாட்கள் 90இல் சேரா. எனினும் அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்தல், பொருள்வளம் காட்டல், காப்பீடு காட்டல் முதலியன வேண்டும். அஃது அந்நாட்டில் வாழக் கேட்கும் இசைவே அன்றி, விருந்தினராய் நீளத் தங்குதலன்று.

இதுகாறும் கூறியவற்றால், மூன்று திங்கள் என்னும் எண் 1957 முதல் பெரிதும் மாறாதிருந்தும், நாட்டுக்கொரு கணக்கு, கூட்டத்திற்கொரு கணக்கு, நாள்தோறும் நகரும் கணக்கு, பொறியின் கணக்கு என அது நான்கு நிலைகளைக் கடந்தமை புலனாகும். ஒவ்வொரு நிலையிலும் இடைவெளி ஒன்று அடைபட்டது. அவ்விடைவெளிகளிலேதான் நெடுநாட் சுற்றுலாவினர் வாழ்ந்தனர். அவர் வழிப்போக்கரும் அல்லர், குடியினரும் அல்லர். சட்டம் அவர்க்கு ஒரு பெயர் இட்டதில்லை. பெயரில்லாதவரை எண்ணிக்கொண்டே இருப்பதைவிட, அவர்க்கு ஒரு பெயரிட்டு அதற்கேற்ற காலமும் கடமையும் வகுப்பதே அரசுகள் இனிச் செய்யத்தக்கது என்பது நம் துணிபு.