தீவகத்தாரும் பிரசாவுரிமைக் காலக்கணக்கும்

ஒரு நாட்டிற் குடிபுகுந்தோன் அந்நாட்டுப் பிரசையாதற்கு எத்தனை ஆண்டு அங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும்? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலாயாவும் இலங்கையும் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடை கூறின. மலாயாவில் விண்ணப்பக்காரராய் நின்றவர் நம்மவர். இலங்கையிற் சட்டமியற்றும் அவையில் வீற்றிருந்தவருள்ளும் நம்மவர் இருந்தனர். ஆதலின் இவ்வரலாறு தீவகத்தார்க்குப் புறம்பானதன்று.

வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை முதலாய இடங்களிலிருந்து தென்னிலங்கைக்கு வணிகத்தின்பொருட்டுச் சென்றோர் பலர். ஆங்கிலங் கற்றோருட் சிலர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, யாழ்ப்பாணத்தார் ஏனையோருடன் மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராய் அமர்ந்தனர். காணி வாங்கியதும் கோயிற்றிருப்பணிக்குக் கொடுத்ததும் ஊரிலேதான். பென்சன் பெற்று மீள்வதே அவர் எண்ணம். இரு நாடும் பிரித்தானியராட்சியில் இருந்த காலத்து, எந்நாட்டுப் பிரசை என்னும் வினா அவரை வருத்தவில்லை.

1948 பெப்ருவரி 1 இல் நடைமுறைக்கு வந்த மலாயாக் கூட்டாட்சி உடன்படிக்கை அவ்வினாவை எழுப்பியது. வெளிநாட்டிற் பிறந்தோர் முந்திய 20 ஆண்டுகளில் 15 ஆண்டு அங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். அங்குப் பிறந்தோர்க்கு 12 இல் 8 போதும். மலாய் அல்லது ஆங்கில அறிவும் வேண்டப்பட்டது. ஆங்கிலத்தால் நம்மவர்க்கு இடரில்லை. அந்நாட்டிலேயே நிலைத்து வாழ்வதாகக் கூறுதலே இடர். ஊர்க்காணியை நினைந்திருந்தவர் எங்ஙனம் கூறுவர்? 1957 ஓகத்து 31 இல் மலாயா விடுதலை பெற்றபோது, அன்று அங்கு வாழ்ந்தோர்க்கு 12 இல் 8 ஆண்டு என்று எல்லை தளர்ந்தது. ஓராண்டுக்குள் விண்ணப்பித்தோருட் சிலர்க்கு மலாய்மொழி அறிவு பற்றிய நிபந்தனையும் விலக்கப்பட்டது.

இலங்கை வேறு வழி சென்றது. 1948 நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்த பிரசாவுரிமைச் சட்டம் வாழ்ந்த ஆண்டை விடுத்து வமிசத்தை முதன்மையாகக் கொண்டது. அத்தினத்துக்கு முன் வெளிநாட்டிற் பிறந்தவன், தந்தையும் தந்தைவழிப் பாட்டனும், அல்லது அப்பாட்டனும் முப்பாட்டனும், இலங்கையிற் பிறந்தவராதல் வேண்டும். பாட்டனார் பெரும்பாலும் 1867 இற் பிறப்புப் பதிவு தொடங்குவதற்கு முன்னர்ப் பிறந்தவர். அவர்க்குச் சான்றிதழ் எங்கே? சா. ஜே. வே. செல்வநாயகம் 1898 இல் மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்தவர் என்பது ஈண்டு நினையத்தக்கது. அத்தினத்துக்குப் பின் வெளிநாட்டிற் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குட் பதிதல் வேண்டும். கந்தோர் வேலையில் மூழ்கிய தந்தை அதனை மறந்தால், அமைச்சரின் தயவையே நாடவேண்டியதாயிற்று.

மலைநாட்டுத் தொழிலாளர்க்கென 1949 இல் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. விவாகமானோர் 1946 சனவரி 1 க்கு முன் 7 ஆண்டும், ஆகாதோர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்திருத்தல் வேண்டும். பன்னிரண்டு மாதத்தின் மேற்பட ஒருமுறை இந்தியா சென்றிருந்தாலும் தொடர்ச்சி அறும். ஆண்டெண்ணிக்கை மலாயாவினதிலும் சிறிது. ஆயினும் மலாயா இடையிற் சில ஆண்டு பிரிந்திருத்தற்கு இடந்தந்தது, இலங்கை தரவில்லை. தாய்தந்தையரைக் காணச் செல்லுதல் ஈப்போவிலிருந்த வேலணையானுக்கும் அட்டனிலிருந்த தொழிலாளிக்கும் பொதுவன்றோ? விண்ணப்பிக்கும் தவணை 1951 ஓகத்து 5 உடன் முடிந்தது. எட்டு இலக்கத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் குவிந்தன. உரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே.

முதற் சட்டமூலத்தை எதிர்த்த ஜீ. ஜீ. பொன்னம்பலம், அமைச்சரான பின் இரண்டாவதை ஆதரித்தார். செல்வநாயகம் எதிர்த்துப் பிரிந்து 1949 திசம்பரிற் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். அமைச்சிலிருந்து திருத்தம் பெறலாம் என்னும் வாதத்தை யான் ஏற்கிலேன். மலாயாவில் நமக்கு வேண்டிய நீதியை ஈண்டு மறுத்தல் தகாது.

எஞ்சியோர் கதை நெடிது. 1964 ஒக்டோபர் 30 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் வகுத்து, அதனை நிறைவேற்றப் 15 ஆண்டு குறித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடும் சரிபாதியாய்ப் பகிர்ந்தன. குறித்த ஆண்டும் கடந்தது. 1988 இல் ஒரு சட்டம், 2003 இல் மற்றொன்று. பின்னது 1964 ஒக்டோபர் 30 தொட்டு இலங்கையிலேயே நிலையாக வாழ்ந்தோர்க்கும் அவர் வழித்தோன்றல்கட்கும் உரிமை தந்தது. போரினால் தமிழ்நாட்டு முகாம்களில் ஒதுங்கியோர்க்கு அந்நிபந்தனை தடையாயிற்று. அவர் பொருட்டு 2009 இற் சட்டம் மீண்டுந் திருத்தப்பட்டது.