மூட்டுவாத மாத்திரையும் கேன்சரும்

எங்க குத்தம்பாக்கத்துல பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நுரையீரல்ல கட்டி, கல்லீரலுக்கும் பரவிடுச்சு. கீமோவுக்கு முன்னாடியே அலோபியூரினால் மாத்திரை குடுத்து, நிறைய தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்க. மருந்துக்கடையில "இது மூட்டுவாதத்துக்குப் போடறது"ன்னதும் மனுஷன் குழம்பிட்டார். "எனக்கு மூட்டுவலியே இல்லையே தம்பி, மாத்தி எழுதிட்டாங்களா?" பொட்டி தட்டறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? :-) ஆனா தேடிப் படிச்சதுல ஒரு நல்ல கதை சிக்கிச்சு.

கீமோ வரலாற்றுல நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படிச்ச எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் இருந்த அமெரிக்க லெடர்லே ஆய்வகத்தில் பிறந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். 1956-ல் மின் சியு லீயும் ராய் ஹெர்ட்ஸும் அதை வைத்து கர்ப்பத்தோடு தொடர்புடைய கோரியோகார்சினோமா என்ற கட்டியைக் கரைத்தார்கள். மருந்தாலேயே குணமான முதல் திடக்கட்டி அது.

சரி, கரைந்த கட்டி எங்கே போகும்? செல்கள் மொத்தமா உடைஞ்சா பொட்டாசியம், பாஸ்பேட், டிஎன்ஏ எல்லாம் ரத்தத்துல கொட்டும். டிஎன்ஏ சிதைஞ்சு யூரிக் அமிலமாகி சிறுநீரகத்துல படிகமா அடைக்கும். பொட்டாசியம் ஏறினா இதயமே நின்னுடலாம். மருந்து நல்லா வேலை செஞ்சதுக்கே இந்தத் தண்டனை! டியூமர் லைசிஸ் சிண்ட்ரோம்னு பேர்.

இங்கதான் ஜெர்ட்ரூட் எலியன் வர்றாங்க. பிஎச்டி பட்டம் வாங்காமலேயே 1988-ல் நோபல் வாங்கினவங்க. ரத்தப்புற்று மருந்தான 6-மெர்காப்டோபியூரினை உடம்பு சீக்கிரம் சிதைச்சுடுது, அதைத் தடுக்கலாம்னுதான் அவங்க குழு அலோபியூரினாலை எடுத்தது. மருந்தின் வீரியம் கூடிச்சு, கூடவே விஷத்தன்மையும் கூடிச்சு. லாபமில்லை. ஆனா நோயாளிகளுக்கு யூரிக் அமிலம் சரசரன்னு குறைஞ்சது. 1963-ல் அந்த முடிவுகள் வெளியாகி, தோத்த மருந்து மூட்டுவாதத்துக்கும் கீமோ நோயாளிகளுக்கும் காவலாச்சு. பெரியவர் சீட்டுல தப்பே இல்லை.

இந்தச் சிக்கல் ரத்தப்புற்றுல அதிகம், திடக்கட்டியில அபூர்வம். ஆபத்தே அதுலதான், யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க. ஸ்மால் செல் நுரையீரல் புற்று மாதிரி வேகமா வளர்ற பெரிய கட்டி, கல்லீரல் வரை பரவினதுன்னா ஆரம்ப நாட்கள்ல ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

அலோபியூரினால் புதுசா உருவாகறதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே சேர்ந்த யூரிக் அமிலத்தைக் கரைக்கற என்சைம் நம்ம குரங்கு மூதாதையர் காலத்துலயே தொலைஞ்சு போச்சு. அதைத் திரும்பக் கொண்டுவந்தது ராஸ்புரிகேஸ், அமெரிக்காவில் 2002-ல் அனுமதி. அதுக்கான மரபணு எங்கிருந்து தெரியுமா? வேர்க்கடலையில் விஷம் ஏத்துற அதே அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையிலிருந்து! ஜி6பிடி குறைபாடு இருக்கறவங்களுக்கு மட்டும் அதைப் போடக்கூடாது, சிவப்பணுக்கள் உடைஞ்சுடும்.