கோடை விடுமுறையும் வளரும் பிள்ளைகளும்

நம் பாட்டனாரின் பாட்டனார் பயின்ற திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறை என்று ஒன்று இருந்ததில்லை. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்து வரும் பிரதமை, நடுவே வரும் அட்டமி ஆகிய திதிகளில் ஏடு அவிழ்ப்பதில்லை, அவ்வளவே. உவா என்ற பழஞ்சொல் மருவி 'வாவு' ஆயிற்று. பிள்ளைகளின் அகராதியில் வாவு என்றால் விடுமுறை. நவராத்திரியில் கோலாட்டக் கோல்களுடன் வீடு வீடாகச் சென்று பாடி, கிடைத்த காசை உபாத்தியாயரிடம் சேர்ப்பது ஆண்டின் பெரிய கொண்டாட்டம். பிறைக் கணக்கில் நடந்த அந்தப் பள்ளிக்கூடத்தில், வெயிலைக் காரணமாக வைத்து மாதக் கணக்கில் பாடத்தை நிறுத்தும் வழக்கம் இல்லை.

அவ்வழக்கம் ஆங்கில ஆட்சியோடு வந்தது. இந்நாட்டுக் கோடையைத் தாங்கமாட்டாத ஆட்சியாளர் கோப்புகளையும் குடும்பங்களையும் கட்டிக்கொண்டு மலையேறினர். 1864-இல் சிம்லா இந்திய அரசாங்கத்தின் கோடைத் தலைநகராயிற்று. சென்னை மாகாண அரசு உதகமண்டலத்தை நாடியது. மலை இரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகமண்டலத்தையும் எட்டியது. கால்காவிலிருந்து சிம்லா செல்லும் பாதை 1903-இல் திறக்கப்பெற்றது. நீதிமன்றங்களும் கோடையில் நெடுவிடுப்பு எடுத்துக்கொண்டன. அந்நாளைய ஏற்பாட்டின் எச்சம் நெடுங்காலம் நிலைத்தது. உச்சநீதிமன்றத்தின் கோடை விடுமுறைக்குப் 'பகுதி வேலை நாட்கள்' என்ற பொருள்பட வேறு பெயர் சூட்டப்பெற்றது 2024-இல்தான். பெயர் மாறினால் வெயில் குறைந்துவிடுமா என்பது வேறு கேள்வி. ஆங்கிலக் கல்விக்கூடங்களும் இந்த நெடுவிடுப்பைக் கைக்கொண்டன. மலைக்குச் செல்ல வசதியற்ற பிள்ளைகளுக்கு விடுமுறை மட்டும் கிடைத்தது, மலை கிடைக்கவில்லை. கையில் விழுந்த அந்த வெறும் பொழுதை என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளே கண்டுகொண்டார்கள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஆகையால், இவ்விடத்தில் ஒரு சொல் கூறாதிருக்க இயலவில்லை. இந்திச் சுற்றறிக்கையில் இது 'கிரீஷ்ம அவகாசம்'. தமிழில் எழுதும்போது 'கோடை விடுமுறை' என்கிறோம். ஆனால் பிள்ளைகள் வாயில் அது என்றும் 'பெரிய லீவு' தான். வெயிலைப் பற்றிய குறிப்பே அதில் இல்லை. அளவைப் பற்றிய குறிப்பு மட்டுமே உண்டு. அவர்கள் கண்ணுக்கு எது முக்கியம் என்பது அச்சொல்லிலேயே விளங்கும்.

வட மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்விடுமுறை தனிப்பொருள் பெற்றது. சிம்லாவுக்கும் தில்லிக்குமாக அலைந்த அரசாங்க அலுவலகங்களில் சென்னை மாகாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் இருந்தனர். பிள்ளைகளின் படிப்புக்கென 1923-இல் தென்னாட்டார் தொடங்கிய சங்கமே, பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று பெயர் பெற்றது. பம்பாயின் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியது. ஆயினும் பள்ளி கற்பித்தது ஒரு பங்கு. சித்தப்பாவின் கேலி, அத்தையின் பழமொழி, பக்கத்து வீட்டாரின் வழக்கு ஆகியவற்றில் உள்ள தமிழ் ஊருக்குப் போனால்தான் கிட்டும். ஊரோ தொலைவில் இருந்தது.

அத்தொலைவைக் குறைத்தது 1929-ஆம் ஆண்டு. பல்லார்ஷாவுக்கும் காசிப்பேட்டைக்கும் இடையே இருந்த இடைவெளியில் இருப்புப்பாதை நிறைவுற்று, தில்லிக்கும் சென்னைக்கும் நேர்வழி பிறந்தது. அதே ஆண்டில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கிற்று. அப்பயணம் நூறு மணி நேரத்துக்கும் மேற்பட்டது. நாடு பிரிந்த பின் பெஷாவர் வேறு நாட்டின் நகரமாயிற்று. வண்டி அதற்கு முன்பே தில்லிக்கும் சென்னைக்கும் உரியதாகிவிட்டது. 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் வந்து சேர்ந்தது. 'ஜி.டி.' என்ற இரண்டு எழுத்தைச் சொன்னால் இன்றும் முகம் மலரும் பெரியவர்கள் கரோல்பாகிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் பலர்.

1993-இல் நமக்கு வயது பதின்மூன்று. மாலையில் தில்லியில் ஏறினால் இரண்டு இரவு வண்டியில் கழியும். நர்மதையைக் காலையிலும், கோதாவரியை அந்தியிலும், கிருஷ்ணையை நள்ளிரவிலும் கடப்போம். ஆற்றில் காசு எறிவதற்குப் பெரியவர்கள் எழுப்பிவிடுவார்கள். காசு பாலத்தின் இரும்பில் பட்டுத் 'டிங்' என்று ஒலித்தால் அவ்வாண்டு தேர்வு போயிற்று என்பது நம் கூட்டத்தின் நம்பிக்கை. நிலையப் பெயர்ப்பலகைகளைப் படிப்பது மற்றொரு போட்டி. பல்லார்ஷாவைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றதும் பலகையில் தெலுங்கு எழுத்து தோன்றும். விஜயவாடா, கூடூர், சூளூர்ப்பேட்டை. பிறகு தமிழ்நாட்டு எல்லைக்குள் முதல் நிலையமாக வருவது ஆரம்பாக்கம். பெயரே பொருத்தம். வண்டி அங்கே நிற்பதில்லை. விரைந்து மறையும் மஞ்சட் பலகையில் உள்ள தமிழ் எழுத்தை முதலில் உரக்கப் படிப்பவருக்குச் சென்னையில் முதல் இளநீர். அவ்வாண்டு படித்தது நம் தங்கை, வயது ஒன்பது. தமிழ்ச் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அவள் ஒழுங்காகச் சென்றவள். நாமோ மட்டைப்பந்துக்குச் சென்றவர். பதின்மூன்று வயதில் தாய்மொழியில் ஓர் ஊர்ப்பெயரைப் படிக்கத் தெரியாமல் சன்னலோரம் அமர்ந்திருந்த நாணம் இன்னும் மறக்கவில்லை.

சென்னை சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் சென்று, மீட்டர்கேஜ் வண்டி பிடித்துக் கும்பகோணம். அங்கிருந்து அரசலாற்றங்கரையில் தாத்தாவின் ஊர். இங்கேதான் வெளிமாநிலத்துப் பிள்ளைகள் ஒரு சிக்கலைச் சந்திக்கின்றனர். இன்றைய பெற்றோரும் அதை அறிவர். தில்லியில் பள்ளி மூடுவது மே மாதத்தின் நடுவில். திறப்பது ஜூலை முதல் நாள். தமிழ்நாட்டில் ஏப்ரல் இறுதியில் மூடி, ஜூன் முற்பகுதியிலேயே திறந்துவிடுவார்கள். நாம் போய்ச் சேரும்போது மதுரைச் சித்திரைத் திருவிழா முடிந்திருக்கும். பங்காளிப் பிள்ளைகளின் விடுமுறையில் ஒரு பகுதி கழிந்திருக்கும். இரண்டு நாட்காட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவது ஏறத்தாழ மூன்று வாரம். ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் அனைவரும் ஒரே முற்றத்தில் கூடும் காலம் ஆண்டில் அவ்வளவுதான்.

அம்மூன்று வாரத்தில் வீணாக்க ஒரு நாளும் இல்லை. மே மாதத்து ஆறு மணலாகக் கிடக்கும். காலையில் மணலில் பந்தாட்டம். தாகத்துக்கு ஊற்றுத் தோண்டல். வெயில் ஏறினால் தோப்புக் கிணறு. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிப் பிள்ளைகளைக் கிணற்றில் இறக்குவார் பெரியப்பா. நான்காம் நாள் குடுக்கையைச் சொல்லாமல் அவிழ்த்துவிடுவார். அத்தைகள் கரையில் நின்று கூவுவதும் அவர் காதில் விழாததும் ஆண்டுதோறும் நடக்கும் நாடகம். நீச்சல் இப்படித்தான் கற்க வேண்டும் என்று நாம் இன்று எவருக்கும் பரிந்துரைக்கமாட்டோம்; பெரியவர் துணையின்றிக் கிணற்றையோ ஆற்றையோ அணுகவே கூடாது. ஆயினும் கற்றோம்.

உச்சி வேளையில் திண்ணை. அங்கே விரிந்த ஆட்டங்களுக்குத் தனி வரலாறு உண்டு. ஆடு புலி ஆட்டத்தின் கட்டங்கள் பழைய கோயில் மண்டபங்களின் தளக்கற்களில் கீறப்பெற்றுக் கிடப்பதை இன்றும் காணலாம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. கூடி நின்று புலியை நகரவிடாமல் அடைப்பதே ஆட்டின் வெற்றி. பதின்மூன்று வயதுப் பையன் புலியைக் கேட்பான், அனுபவசாலியான பாட்டி ஆட்டைக் கேட்பாள், பாட்டியே வெல்வாள். பல்லாங்குழிக்குப் பதினான்கு குழி. குழியில் நான்கு முத்துச் சேர்ந்தால் அது 'பசு'. கண்ணிமைக்கும் முன் எடுத்துக்கொள்ளாவிடில் போயிற்று. தாயத்துக்குப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெளுக்கக் கல்லில் தேய்க்க வேண்டும். அதுவே அரை நாள் வேலை. பரமபதத்தின் கதை சுவையானது. ஏகாதசி இரவில் கண் விழிக்க நம்மவர் ஆடிய ஆட்டத்தின் வகையொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து சென்றது. அங்கே வைகுண்டத்தை இழந்து, வெறும் பாம்பும் ஏணியுமாகி, அட்டையில் அச்சேறிக் கடைக்குத் திரும்பி வந்தது. தில்லிப் பிள்ளைகள் அறிந்தது அந்த அட்டையை மட்டுமே.

ஜூன் பிறந்து பங்காளிகள் பள்ளிக்குப் போனதும் ஊர் வெறிச்சோடும். வெளிமாநிலப் பிள்ளைக்குத் தனிமை தொடங்கும் காலம் அது. ஆயினும் அதற்கும் ஓர் ஈடு உண்டு. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்த பின், நீர் இருப்புள்ள ஆண்டுகளில் ஜூன் 12-இல் குறுவைக்காக அணையைத் திறப்பது மரபாயிற்று. புதுத்தண்ணீர் மணலை நனைத்துக்கொண்டு, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு ஊருக்குள் நுழைவதைப் பார்க்க, பள்ளிக்குச் சென்ற உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பில்லை, நமக்கு உண்டு. தெற்கே குற்றாலத்தில் சாரல் தொடங்குவதும் அம்மாதத்தில்தான்.

அந்தத் தனிமை நாட்களில்தான் தாத்தாவின் மரப்பெட்டியைத் திறந்தோம். மேலே ராணி காமிக்ஸும் முத்து காமிக்ஸும், பங்காளிகள் விட்டுச்சென்றவை. அதன் கீழே 'அம்புலிமாமா'. 1947-இல் பிறந்த அவ்விதழின் படங்கள் கதையை முன்னரே சொல்லிவிடும். எழுத்தைக் கூட்டிப் படிப்பது எளிதாயிற்று. அடியில், 1950-இல் 'கல்கி'யில் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வந்த 'பொன்னியின் செல்வன்' தாள்கள், பாட்டி கையால் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்தவை. சில வாரங்கள் விடுபட்டிருந்தன. வாய்மொழியாகப் பாட்டியே அவற்றை நிரப்பினாள். ஜூன் இறுதியில் தில்லிக்குத் திரும்பும்போது இரண்டாம் பாகம் கையில் இருந்தது. ஆரம்பாக்கம் வந்தது, படித்தோம். போட்டிக்கு ஆள் இல்லை, தங்கை உறங்கிவிட்டாள். பின்னாளில் மொழிபெயர்ப்பே பிழைப்பாயிற்று என்றால், அம்மரப்பெட்டிக்கு அதில் பங்குண்டு.

ஊருக்குச் செல்ல இயலாத ஆண்டுகளும் பல குடும்பங்களில் உண்டு. நகரங்களும் அவர்களை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-இல் பிள்ளைகளுக்கான ஓவியப் போட்டியைத் தொடங்கினார். 1957-இல் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையையும், 1965-இல் தில்லியில் பொம்மைக் காட்சியகத்தையும் நிறுவினார். பால பவனம் 1956-இல் தோன்றியது. இரயில் அருங்காட்சியகம் 1977-இல் வந்தது. மலையேற்றத்தில் ஆவல் கொண்டவர்க்கு 1954-இல் டார்ஜிலிங்கிலும், 1965-இல் உத்தரகாசியிலும் பயிற்சி நிலையங்கள் அமைந்தன. 1946-இல் பிறந்த தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் நம் பிள்ளைகளுக்கு அருகில் உள்ள மற்றொரு மரப்பெட்டி எனலாம்.

இன்று குறைந்திருப்பது இடமன்று, பொழுது. ஒன்பதாம் வகுப்பு முடிந்தவுடன் நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்பு கோடையை விழுங்கிவிடுகிறது. எஞ்சிய பத்து நாளில் வானூர்தியில் பறந்து, திருமணம் ஒன்றைக் கண்டு, திரும்பிவிடுகிறோம். மேகத்தின் மேலே செல்பவருக்குக் கோதாவரி ஏது, ஆரம்பாக்கம் ஏது? பயிற்சி வகுப்பை வெறுக்க நமக்கும் துணிவில்லை. மகளின் பெயரை நாமே பதிவு செய்துவிட்டோம். அவளுக்கு வயது பதினான்கு. தமிழ் சரளமாகப் பேசுவாள். படிக்கச் சொன்னால் கைப்பேசியைப் படித்துக்காட்டச் செய்துவிடுவாள்.

இவ்வாண்டு பயிற்சி நிலையத்தில் மூன்று வாரம் கேட்டு வாங்கியிருக்கிறோம். முன்பதிவு இப்போது அறுபது நாளைக்கு முன்புதான் திறக்கிறது. திறந்த காலையிலேயே ஜி.டி.யில் மூன்று படுக்கை கிடைத்தது. பழைய போட்டியைப் பற்றிக் கேட்டதிலிருந்து, வண்டி ஆரம்பாக்கத்தை எத்தனை மணிக்குத் தாண்டும் என்று மகள் துளைக்கிறாள். நில்லாத நிலையத்துக்குக் கால அட்டவணையில் மணி போடுவதில்லை. சூளூர்ப்பேட்டையைக் கணக்கில் கொண்டு பார்த்தால், விடியுமுன்பே தாண்டிவிடும் போலிருக்கிறது. இருட்டில் பலகை தெரியாது. வண்டி ஒரு மணி நேரம் தாமதமாக வரவேண்டும் என்று வாழ்நாளில் முதன்முறையாக வேண்டிக்கொண்டிருக்கிறோம்.