பென்சில் கரிக்குள் ஒரு வரலாறு

 

நம் பிள்ளைகளின் பென்சிலில் இருக்கும் கரி, காரீயம். போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் இலங்கைக் காரீயம் அதன் தூய்மைக்காக உலகெங்கும் பேர்போனது. இதே காரீயம் இன்று பௌதிகவியலின் பெரிய கேள்வியொன்றின் நடுவே நிற்கிறது.

1911இல் நெதர்லாந்தில் கமர்லிங் ஒன்னஸ் பாதரசத்தை மறை 269 பாகை செல்சியஸ் வரை குளிரவைத்தார். அதன் மின்தடை அப்படியே மறைந்துபோனது. இதுதான் மீக்கடத்துத்திறன். 1986இல் செப்பு ஒட்சைட்டுச் சேர்வையொன்றில் இதைவிடக் கூடிய வெப்பநிலையிலேயே அது தென்பட்டது. ஆச்சரியம் என்னவென்றால், அதன் தாய்ப்பொருள் மின்சாரத்தைக் கடத்தாத காவலி! இதற்கு 1987இல் அண்டர்சனோடு சேர்ந்து முக்கியமான விளக்கமொன்றைத் தந்தவர்களில் ஒருவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தோடு நெடுங்காலம் இணைந்திருந்த ஜி. பாஸ்கரன்.

2004இல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் சாதாரண ஒட்டு டேப்பால் காரீயத்தை உரித்து, ஓர் அணுத் தடிப்புள்ள காபன் தாளை எடுத்தார்கள். அதுதான் கிராபீன். இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 1.1 பாகை அளவில் திருப்பினால் இலத்திரன்களின் ஆற்றல் பட்டை தட்டையாகிவிடும் என்று 2011இல் பிஸ்ட்ரிட்சர், மக்டொனால்ட் கணக்கிட்டார்கள்.

தட்டையானால் என்ன நடக்கும்? கொழுந்து மூட்டையோடு சரிவில் இறங்குகிறவருக்குப் பக்கத்தில் வருபவரோடு நின்று பேச நேரமில்லை. தட்டைத் தரைக்கு வந்தால்தான் பேச்சு. இலத்திரன்களும் அப்படித்தான். வேகம் குறைந்ததும் ஒன்றையொன்று கவனிக்கத் தொடங்குகின்றன. ஒருபக்கம் எல்லாம் நின்று காவலியாகப் பார்க்கின்றன. மறுபக்கம் சோடி சேர்ந்து தடையின்றி ஓடப் பார்க்கின்றன. இரண்டுக்கும் போட்டி.

2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜரில்லோ-ஹெரேரோவின் குழு இரண்டையும் ஒரே பொருளில் கண்டது. மின்னழுத்தத்தைச் சற்று மாற்றி இலத்திரன்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்தாலே காவலி மீக்கடத்தியானது. ஆனால் மறை 271 பாகைக்குக் கிட்டவான குளிர் வேண்டும். அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் யுவான் சாவோவுக்கு அப்போது வயது 21.

அந்தச் சோடிகள் எப்படிச் சேர்கின்றன என்பதற்கு இன்னும் முடிந்த விடை இல்லை.

காரீயத்தைத் தோண்டிக் கப்பலேற்றிய நாடு நம்முடையது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் வேறு நாட்டார். சாதாரண தரம் முடித்த பிள்ளை விஞ்ஞானப் பிரிவு கேட்டால், "அது நமக்குச் சரிவராது" என்று நாமே சொல்லி நிறுத்திவிட வேண்டாம். கேள்வி இன்னும் திறந்துதான் கிடக்கிறது.